துறை தெரிதல்

க.பொ.த. சாதாரணதரப் பெறுபேறு வந்ததும் பெற்றோர் நாடுவன பெரும்பாலும் இரண்டே: மருத்துவம், பொறியியல். உயர்தரத்தில் 2013இல் தொழினுட்பப் பிரிவு தோன்றிற்று. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டமோ, சாதாரணதரத்திற் சித்தியெய்தாதார்க்கும் தொழிற்பாடங்களுடன் வகுப்பில் இடந்தந்தது. தேசிய தொழிற்றகைமையின் 7ஆம் மட்டம் பட்டத்துக்கு நிகராகும். எனினும் இவை எஞ்சியோர்க்குரியவை என்னும் எண்ணம் ஆசிரியராகிய எம்மிடத்தும் உண்டு.

துறை தெரியப் புள்ளிகள் மாத்திரம் போதா. மன்றப் பொருளாளனாய்ச் சதக்கணக்கும் வழுவாது காட்டுபவனையும், இல்ல மெய்வல்லுநர் போட்டியில் ஒலிபெருக்கி பழுதுற்றால் எல்லோரும் தேடுகின்ற மாணவனையும் நாம் அறிவோம். முன்னவன் வர்த்தகத்தையும் பின்னவன் தொழினுட்பத்தையும் விரும்பின், அவர்தம் பெற்றோரை அழைத்துப் பேசுதல் வகுப்பாசிரியர் கடன். பாடசாலைப் பொறுப்புக்களை நற்சான்றிதழில் ஒரு வரியாக எழுதிவிட்டு அமைதல் தகாது.

பழைய மாணவரே, தவணைக்கொருமுறை 11ஆம் தரத்தாரிடம் வந்து உங்கள் தொழிலை எடுத்துரையுங்கள். மருத்துவர்களை மேடையேற்ற நாம் என்றும் மறந்ததில்லை. இம்முறை மின்னிணைப்பாளர் ஒருவர் வரட்டும்.