முசுறு ஏன் தோற்கிறது?

அன்புள்ள நல்லதம்பிக்கு,

திண்டுக்கல் ஜில்லாவில், கரந்தமலை அடிவாரத்து ஊர்களில் ஆடுமாடுகளின் கண்களைக் கெடுப்பதாக 2022 ஆகஸ்டில் பத்திரிகைகள் எழுதிய அந்த மஞ்சள் எறும்பு நம் கொல்லிமலைக்கும் ஏறி வந்தால், இங்குள்ள முசுறு எறும்பு அதைக் கடித்து விரட்டிவிடாதா என்று கேட்டிருந்தாய். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அதற்குள் இரண்டு தப்பெண்ணங்கள் குடியிருக்கின்றன. அவை உன் சொந்தச் சரக்கல்ல, செய்தித்தாள் வழியாக உன்னிடம் வந்தவை என்பதால் என் கோபத்தை உன்மேல் காட்டப் போவதில்லை.

முதலாவது, அந்த எறும்பு நேற்று வந்தது என்னும் எண்ணம். கும்பினியாரின் சென்னை ராணுவத்தில் வைத்தியராக இருந்த ஜெர்டன் என்பவர் – பறவைகளுக்காகவே அவரை இன்று நினைப்பவர்கள் மிகுதி – தென்னிந்திய எறும்புகளுக்கு ஒரு ஜாபிதா தயாரித்து, சென்னையில் நடந்துவந்த இலக்கிய விஞ்ஞான சஞ்சிகையொன்றில் 1851-இல் வெளியிட்டார். அனோப்லோலெபிஸ் கிராசிலிப்பெஸ் என்று இன்று நாம் அழைக்கும் இந்த நெடுங்கால் மஞ்சளெறும்பு அந்த ஜாபிதாவிலேயே இருக்கிறது. அதன் பூர்வீகம் ஆப்பிரிக்காவா ஆசியாவா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், கடலைக் காட்டில் களை எடுக்கும்போது உன் தாயாரின் கையைப் பதம் பார்க்கிற சிவப்புக் கடியெறும்புதான் சந்தேகத்துக்கு இடமில்லாத அந்நியன். அமெரிக்க வெப்பப் பிரதேசத்தில் பிறந்து, பதினாறாம் நூற்றாண்டில் மெக்ஸிகோவின் அகாபுல்கோவிலிருந்து மணிலாவுக்கு ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் ஏறி ஆசியாவுக்கு வந்தது அது என்று 2015-இல் வெளியான மரபணு ஆராய்ச்சி ஒன்று காட்டியிருக்கிறது. அதைப் பற்றி நம் பத்திரிகைகள் தலைப்புப் போட்டு நான் பார்த்ததில்லை. பழகிய அந்நியனை நாம் உள்ளூர்க்காரனாக்கிக்கொண்டுவிட்டோம்.

இரண்டாவது, எறும்பு யுத்தத்தில் வலியதே வெல்லும் என்பது. தனித்தனியே நிறுத்திப் பார்த்தால் முசுறுவுக்கு முன் மஞ்சளெறும்பு ஒரு பொருட்டே அல்ல. அதற்குக் கொடுக்குக் கிடையாது. மெலிந்த உடலும் நீண்ட கால்களும் கொண்டு, அடிவயிற்று நுனியிலிருந்து பார்மிக் அமிலத்தைப் பீச்சத் தெரிந்த ஜீவன், அவ்வளவுதான். என் வீட்டுக் கொல்லையிலுள்ள மாமரத்தின் தூரில் இவ்விரண்டும் எதிர்ப்பட்டதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு மஞ்சளெறும்பின் முன்னங்காலை ஒரு முசுறு கவ்வ, பின்னங்காலை இன்னொன்று கவ்வ, நடுவே அது விறைத்து இழுபட்டுச் செத்தது. ஆனால் அது சாவதற்குள் அதன் கூட்டத்தார் பத்திருபது பேர் ஓடிவந்து இரண்டு முசுறுகளின் மேலும் அமிலத்தைத் தெளித்துவிட்டு, நின்று பாராமல் மரத்தின்மேல் ஏறிப் போய்விட்டனர்.

அந்தப் பத்திருபது பேர் எங்கிருந்து வந்தார்கள் என்பதே கேள்வி. முசுறுவின் குடும்பத்துக்குப் பொதுவாக ஒரே ராணி. அடுத்த மரத்து முசுறுக் குடும்பமோ அதற்கு ஜென்மப் பகை. ஆகவே அதன் சேனையில் ஒரு பெரும் பங்கு தன் இனத்தாரைத் தடுப்பதிலேயே செலவாகிறது. மஞ்சளெறும்பின் கூட்டில் ராணிகள் பலர். ஒரு ராணி சில வேலைக்காரிகளோடு நடந்துபோய் அடுத்த கல்லுக்கடியில் குடியேறினாலும் பழைய வீட்டாரோடு உறவு அறுவதில்லை. பங்காளிச் சண்டை இல்லாத குடும்பம் அது. இரவென்றும் பகலென்றும் பாராமல் இரை தேடுவது. எந்த இரையையும் மற்றவர் வருமுன் கண்டுபிடித்து, வந்தபின் ஆள்பலத்தால் விடாமல் பிடித்துக்கொள்வது.

ஆனால் ஆள்பலத்துக்கும் சோறு வேண்டுமே! இங்கேதான் என் சொந்தக் கட்சியை எடுத்துவைக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள். எறும்பு யுத்தத்தைத் தீர்மானிப்பது சர்க்கரை. காப்பிச் செடியின் இலையொன்றைத் திருப்பிப் பார்: நடுநரம்பை ஒட்டிப் பச்சைச் செதில்பூச்சிகள் அசையாமல் சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும். எறும்பு வந்து உணர்கொம்பால் தட்டியதும் பூச்சியின் பின்புறத்தில் ஒரு தித்திப்புத் துளி ததும்பும். எறும்பு அதைக் குடித்துவிட்டு அடுத்ததைத் தட்டும். குடிக்க ஆளில்லாமல் சிந்திய துளிதான் கீழ் இலைகளில் கரும்பூஞ்சையாகப் படிகிறது. தித்திப்புக்குக் கைம்மாறாக எறும்பு அந்தப் பூச்சிகளைக் குளவிகளிடமிருந்து காக்க, பூச்சி பெருக, எறும்பும் பெருகுகிறது.

கிறிஸ்துமஸ் தீவின் கதையை நான் மீண்டும் மீண்டும் படிப்பது இதனால்தான். 1915-க்கும் 1934-க்கும் இடையில் அங்கே போய்ச் சேர்ந்த மஞ்சளெறும்பு அரை நூற்றாண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்தது. 1989-இல்தான் அதன் மகா கூட்டமொன்று கண்ணில் பட்டது. அதன் பிறகு கோடிக்கணக்கான செந்நண்டுகள் அமிலத்தால் மடிந்தன. காட்டு மரங்களில் அந்தச் சேனைக்குத் தித்திப்பு ஊட்டிக்கொண்டிருந்தது அரக்குப் பூச்சியொன்று. அதுவும் வெளியிலிருந்து வந்ததே. ஹெலிகாப்டரிலிருந்து விஷ இரை தூவிப் பார்த்த பின், 2016-இல் மலேசியாவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது எறும்பைத் தொடாது. அரக்குப் பூச்சிக்குள் முட்டையிடும். எறும்போடு மல்லுக்கட்டாமல் அதன் சமையலறையில் கைவைத்த அந்தச் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது!

இன்னொரு விஷயத்தையும் மறந்துவிடாதே. தான்சானியாவின் தோட்டங்களில் முசுறுவின் ஆப்பிரிக்க உறவினத்துக்கும் பெருந்தலை எறும்புக்கும் நடக்கும் போட்டியை ஆராய்ந்தவர்கள், மரத்தடியில் புல்பூண்டை விட்டுவைத்த இடத்தில் முசுறு நிலைத்ததையும், சுத்தமாகச் செதுக்கிய இடத்தில் பெருந்தலை எறும்பு மேலோங்கியதையும் கண்டார்கள். பலாவடியைத் துடைத்து வைத்ததுபோல் செதுக்குவதே நல்ல விவசாயம் என்று உபதேசிக்கும் பெரியவர்களிடம் இதைச் சொல். கேட்கமாட்டார்கள், இருந்தாலும் சொல்.

கொல்லிமலைக்கு வருவோம். மஞ்சளெறும்பு தன் காலால் நடந்து போகும் தூரம் சொற்பம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் அதற்காக ஏறுவது லாரிதான். காப்பி நாற்றுப் பை, வாழைக்கன்றின் வேர்மண், வைக்கோல் கட்டு இவற்றுள் ராணியும் சில வேலைக்காரிகளும் வந்தால் போதும். சில்வர் ஓக் நிழலில் காப்பியும் மிளகுக் கொடியும் பலாவும் நெருங்கி நிற்கும் உங்கள் தோட்டத்தில் செதில்பூச்சிக்கும் மாவுப்பூச்சிக்கும் பஞ்சமா? மஞ்சளெறும்பைக் கண்டு பயந்து எறும்புப் பொடியை மூட்டை மூட்டையாகக் கொட்டுவது மகா மூடத்தனம். முதலில் சாவது முசுறுவும் கட்டெறும்பும். காலியான மரங்களில் குடியேறுவது பிழைத்துக் கிடக்கும் மஞ்சளெறும்பு.

ஆகவே செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ நாற்றுப் பைகள் வந்து இறங்கும்போது நீ போய் அடியைத் தட்டிப் பார். நாலைந்து மில்லிமீட்டர் நீளத்தில், மஞ்சள் உடம்பும் உடம்புக்குப் பொருந்தாத நெடிய கால்களுமாக எறும்புகள் திசை தெரியாமல் தாறுமாறாக ஓடினால், அந்தப் பையைத் தோட்டத்துக்குள் விடாதே. பத்து எறும்புகளைப் பிடித்து ஸ்பிரிட் ஊற்றிய குப்பியில் போட்டு, ஊர், மரம், தேதி குறித்த சீட்டையும் உள்ளேயே இட்டு எனக்கு அனுப்பு. சீட்டைப் பென்சிலால் எழுது. பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.