மோட்டார் முனகினால் கண்டென்சரைக் கவனியுங்கள்

நெய்யூர்ப் பகுதியில் வாழை, தென்னைக்கு நீர் இறைக்கும் கிணற்றுக்கரை ஒருமுனை மோட்டார், சுற்றாமல் முனகினால் உடனே நிறுத்த வேண்டும். தாமதித்தால் காயில் கருகிவிடும்.

பியூஸ் கட்டைகளைக் கழற்றிவிட்டு, தண்டைக் கையால் சுற்றிப் பார்க்கவும். இறுகியிருந்தால் பேரிங் அல்லது பம்பில் கோளாறு. எளிதாகச் சுற்றி, மின்னழுத்தமும் சரியாக இருந்தால், பெரும்பாலும் கண்டென்சரே பழுதாகியிருக்கும். உப்பலும் எண்ணெய்க் கசிவும் அதன் அறிகுறிகள்.

மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் கண்டென்சரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். தொட்டால் அதிர்ச்சி தாக்கும். ஆகவே மின்பணியாளர் 100 வாட் பல்பின் ஒயர்களை இருமுனைகளிலும் வைத்து, அதை வெளியேற்றிய பின்பே கழற்ற வேண்டும்.

புதிய கண்டென்சர் அதே வகையாகவும், அதே மைக்ரோபாரட் அளவிலும் இருக்க வேண்டும். வோல்ட் அளவு குறையக்கூடாது. பழையதைக் கடைக்கு எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குவது நலம். மழைச்சாரல் படாதவாறு பொருத்தவும்.