பழைய பிக்கப்: வாங்கித் திருத்தலாமா?

"மொரிஸ் மைனர் பிக்கப் ஒன்று மலிவாக வருகிறது. திருத்தினால் கடைக்கும் உதவும், பிறகு நல்ல விலைக்கும் போகும்" என்று நண்பர் ஒருவர் ஆலோசனை கேட்டார். நானும் ஒருமுறை இப்படி ஆசைப்பட்டுக் கைமுதலைக் கராஜில் முடக்கியவன். ஆகவே கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் குனிந்து அடியைப் பாருங்கள். மைனர் காருக்குத் தனி செஸி இல்லை. 1953 முதல் வந்த பிக்கப்புக்கு உண்டு. கதவிலும் மட்கார்டிலும் கறள் என்றால் தகடு வெட்டி ஒட்டலாம். செஸியில் ஸ்குரு டிரைவரால் குத்தும்போது உள்ளே இறங்கினால் விலகிவிடுங்கள். பெயின்ட் பளபளத்தால் காந்தம் வைத்துப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் இருப்பது பட்டி.

அடுத்தது பதிவுப் புத்தகம். செஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் அதில் உள்ளபடி இருக்க வேண்டும். எஞ்சினுக்குப் பஞ்சிகாவத்தையில் பாகம் தேடலாம். புத்தகத்துக்குப் பாகம் கிடையாது.

பிறகு செலவு. உதாரணமாக, கொள்விலை 5 இலட்சம், டிங்கரிங்கும் பெயின்டும் 6, எஞ்சின், பிரேக், வயரிங் 4. மொத்தம் 15. கழற்றிய பிறகுதான் மறைந்த கறள் தெரியும். அதற்காக வேலைச் செலவில் பாதியைச் சேருங்கள், 20. நன்றாக ஓடும் அதே பிக்கப் 18க்குக் கிடைத்தால் அதுவே இலாபம்.

2020இல் வாகன இறக்குமதி நின்றதும் பழைய வாகனங்களின் விலை ஏறியது. 2025இல் இறக்குமதி மீண்டும் தொடங்கிவிட்டது. அந்த நாள் விலையை நம்பி முதல் போடாதீர்கள்.

நண்பர் போய்க் குத்திப் பார்த்தார். ஸ்குரு டிரைவர் உள்ளே இறங்கியது. முதல் தப்பியது.