எண்ணெயா, கிரீசா? – பழைய ஸ்பிட்ஃபயர் கற்பித்த பாடம்

பழைய பொருள்கள் மீது மனிதனுக்கு ஒரு தனிப் பற்று உண்டு. பாட்டி வைத்திருந்த வெற்றிலைச் செல்லத்தில் இன்று வெற்றிலை இல்லை. ஆயினும் அதைப் பழைய இரும்புக்காரனிடம் போட நமக்கு மனம் வருவதில்லை. ஆங்கிலேயருள் பலருக்கு இத்தகைய பற்று பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் மீது இருக்கிறது. எம்.ஜி., டிரையம்ஃப், ஆஸ்டின் ஹீலி என்று அவர்கள் சொல்லும்போது, நம்மூரில் ஜல்லிக்கட்டுக் காளையின் பெயரைச் சொல்பவர் முகத்தில் தோன்றும் பெருமிதமே தோன்றும்.

2019-ஆம் ஆண்டில் ஆராய்ச்சிப் பணிக்காக ஓராண்டு இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர், கார்க் கூடு செய்யும் வேலையில் காலம் கழித்து ஓய்வு பெற்றவர். அவருடைய கொட்டகையில் 1968-ஆம் ஆண்டு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஒன்று நின்றது. இயற்பியல் படித்தவன் என்ற ஒரே தகுதியை வைத்து, வார இறுதிகளில் என்னை அவர் உதவிக்கு அழைத்துக்கொண்டார். அங்கே கற்ற பாடத்தை மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் ஹெரால்டின் தம்பி

ஸ்பிட்ஃபயர் நமக்கு முற்றிலும் அந்நியமான வண்டி அன்று. 1959-இல் கோவென்ட்ரியில் டிரையம்ஃப் ஹெரால்டு வெளிவந்தது. இரும்புச் சட்டகத்தின் மேல் கூட்டைப் பகுதி பகுதியாகப் போல்ட்டு போட்டுப் பொருத்தும் முறையில் அமைந்தது அது. வேறு நாடுகளுக்குப் பாகங்களாக அனுப்பி அங்கே பூட்டுவதற்கு அம்முறை ஏற்றதாக இருந்தது. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் அதைச் செய்தது. நம் ஊர்களில் டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிய வண்டி அது.

அந்த ஹெரால்டின் சட்டகத்தைச் சுருக்கி மாற்றியமைத்து, இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலொட்டி வரைந்த இரண்டு இருக்கைக் கூட்டை மேலே ஏற்றியபோது பிறந்ததுதான் ஸ்பிட்ஃபயர். கம்பெனியின் பண நெருக்கடியால் முதல் மாதிரி வண்டி ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961-இல் லேலண்டு நிறுவனம் கம்பெனியை வாங்கிய பிறகே அது கண்டெடுக்கப்பட்டு, 1962-இல் விற்பனைக்கு வந்தது. முதல் எஞ்சின் 1147 கன சென்டிமீட்டர். 63 குதிரைத் திறன். 1967-இல் வந்த மூன்றாம் வகையில் அவை 1296, 75 என உயர்ந்தன. 1980-இல் உற்பத்தி நின்றபோது மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்திருந்தன.

ஹெரால்டைப் போலவே இதிலும் முன்பக்கம் முழுவதும், மட்கார்டுகள் உட்பட, ஒரே மூடியாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். முதன்முதலாக அதைத் திறந்தபோது நான் திகைத்து நின்றேன். சிறு வயதில் என் தந்தையாரின் ஹெரால்டில் கண்ட அதே எஞ்சின் அறை, அதே முன்சக்கரக் கைகள், அதே எண்ணெய் வாடை!

துரு என்னும் கறையான்

பழைய காரைப் புதுப்பித்தல் என்றவுடன் பளபளக்கும் பெயிண்டுதான் நம் நினைவுக்கு வரும். உண்மையில் பெயிண்டு கடைசி வேலை. முதல் வேலை துருவைத் தேடுவது. இங்கிலாந்தில் பனிக்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவுவார்கள். உப்பு நீர் தகடுகளின் இடுக்கில் புகுந்து உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். வெளியில் ஒரு சிறு கொப்புளம் தெரிந்தால் உள்ளே ஒரு சாண் அளவு போயிருக்கும். பட்டி பார்த்து மறைத்த இடங்களைக் கண்டுபிடிக்க ஒரு காந்தத் துண்டு போதும். தகட்டில் ஒட்டும் காந்தம், தடித்த பட்டியின் மேல் ஒட்டாது. பெரியவரின் வண்டியில் கதவுகளுக்குக் கீழே காந்தம் பல இடங்களில் நழுவி விழுந்தது.

கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஒரு பெட்டி போல ஓடும் பகுதிக்குச் 'சில்' என்று பெயர். அதை வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே ஒரு இரும்புக் கம்பியைப் பற்றவைக்கச் சொன்னார் பெரியவர். "சட்டகம்தான் பாரத்தைத் தாங்குகிறதே, கம்பி எதற்கு?" என்று நான் வாதிட்டேன். அவர் மறுமொழி சொல்லாமல் ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி ஓரத்தை ஒட்டி, முறுக்கிப் பார்க்கும்படி என்னிடம் கொடுத்தார், முறுக்க முடியவில்லை. பிறகு கத்தரிக்கோலால் நீளவாக்கில் ஒரு கோடு வெட்டிக் கொடுத்தார், தொட்டவுடன் முறுக்கிக்கொண்டது. மூடிய பெட்டிக்கும் பிளந்த பெட்டிக்கும் உள்ள வேறுபாட்டைப் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் நான் நடத்தியிருக்கிறேன். கையால் உணர்ந்தது அன்றுதான். ஸ்பிட்ஃபயரில் பின்சக்கரங்களைப் பிடித்திருக்கும் கைகள்கூடச் சட்டகத்தில் அல்லாமல் கூட்டில்தான் பூட்டப்பட்டுள்ளன. கம்பி இல்லாமல் வெட்டினால் கூடு நடுவில் தொய்ந்து, பிறகு கதவுகள் மூடவே மாட்டா.

நாற்பது ஆண்டும் சட்டமும்

பிரிட்டனில் கார்களுக்கு ஆண்டுதோறும் தகுதிச் சோதனை உண்டு. 2018 மே முதல், பெரிய மாறுதல் செய்யப்படாத நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அச்சோதனை கட்டாயமில்லை என்று சட்டம் தளர்த்தப்பட்டது. இது உரிமையாளருக்கு அளிக்கப்பட்ட சலுகை. அதே வேளையில் அவர் தோளில் ஏற்றப்பட்ட பொறுப்பும் ஆகும். வண்டி சாலைக்குத் தகுதியானதா என்று இனி அவரே தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த ஆண்டு கோடையில் கூட்டு வேலைகள் முடிந்தன. பெரியவர் தம் பேத்தியை அருகிலுள்ள கேடன் ஊரின் கார் அருங்காட்சியகத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அழைத்துச் செல்வதாகச் சொல்லிவிட்டார். புறப்பட மூன்று நாள் இருக்கையில், "முன்சக்கர டிரன்னியனுக்கு எண்ணெய் விட்டீர்களா?" என்று கேட்டேன். எந்திரப் பகுதிகளையெல்லாம் ஒரு பட்டறையில் கொடுத்துப் பார்த்தாயிற்று என்று ரசீதை எடுத்துக் காட்டினார். அதில் 'முன்சக்கர மூட்டுகளுக்குக் கிரீஸ் வைக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. எனக்கு நெஞ்சு திக்கென்றது.

ஒரு மூட்டின் கதை

காரணத்தைச் சொல்லுகிறேன். ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தூண் ஒன்று உண்டு. அதன் அடிமுனையில் திருகுப் புரி வெட்டப்பட்டிருக்கும். அப்புரி பித்தளை போன்ற உலோகத்தாலான ஒரு கட்டைக்குள் திருகியிருக்கும், அக்கட்டையே டிரன்னியன். நாம் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஃகுப் புரி அக்கட்டைக்குள் சிறிது திரும்பி வரும். வலப்பக்கப் புரியும் இடப்பக்கப் புரியும் எதிரெதிர்த் திசையில் அமைந்தவை.

இப்புரிக்கு 90-ஆம் எண் கியர் ஆயில் விட வேண்டும் என்றும், 6000 மைலுக்கு ஒருமுறை விட வேண்டும் என்றும் கம்பெனியின் கையேடு கூறியது. ஆனால் அந்த இடத்தைப் பார்க்கும் எவருக்கும் கிரீஸ் வைக்கத்தான் தோன்றும். சுற்றிலும் உள்ள மூட்டுகள் பல கிரீஸ் கேட்பவை. கிரீஸ் புரியின் இடுக்குகளுக்குள் எண்ணெயைப் போலப் பரவாது. நாளடைவில் இறுகி வழியை அடைத்துவிடும். நீர் புகுந்து எஃகு துருப்பிடிக்கும். ஒருநாள் மெதுவாகத் திருப்பும்போது புரிப் பகுதி ஒடிந்து, சக்கரம் வெளிப்புறமாக மடிந்து விழும்.

இதை நான் நூலில் மட்டும் படிக்கவில்லை. 1984-இல் குற்றாலத்திலிருந்து திரும்பும் வழியில், தென்காசியைத் தாண்டி ஒரு தெருவுக்குள் அப்பா வண்டியைத் திருப்பினார். இடப்பக்கச் சக்கரம் மடிந்தது. வண்டி மூக்கைத் தரையில் ஊன்றி நின்றது. எனக்கு எட்டு வயது. முன்னால் அமர்ந்திருந்த அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. கூடியவர்கள் "பார்த்துத் திருப்பியிருக்கலாமே சார்" என்றார்கள். ஊருக்குப் போனதும் அப்பா வண்டியை விற்றுவிட்டார். அதன்பின் அவர் எந்த வண்டியையும் ஓட்டவில்லை. நான் இயற்பியல் படிக்கும் காலத்தில்தான், ஒரு பழைய கையேட்டில் டிரன்னியனைப் பற்றிப் படித்து, நடந்தது என்ன என்று ஊகித்தேன். ஆனால் அதை அப்பாவிடம் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. அந்தப் பேச்சையே வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

இதையெல்லாம் கேட்ட பெரியவர் மறுபேச்சின்றி ஜாக்கியை எடுத்தார். இரண்டு பக்கத்தையும் கழற்றினோம். வலப்பக்கக் கட்டைக்குள் இறுகிப்போன கிரீசும் செந்நிறச் சேறும் இருந்தன. இடப்பக்கத் தூணைத் துடைத்துப் பார்த்தபோது, புரியின் மேல் ஓரத்தில் துருக்குழிகளும், மயிரிழை போன்ற ஒரு கீற்றும் தெரிந்தன. அவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பணம் கொடுத்தேன், ரசீது வாங்கினேன், வேலை ஆயிற்று என்று நினைத்துவிட்டேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமைப் பயணம் நின்றது. பேத்தி இரண்டு நாள் பேசவில்லையாம்.

புதிய தூண்களும் கட்டைகளும் வாங்கிப் பூட்டி, எண்ணெய் விட்டு, செப்டம்பரில் அவர்கள் கேடன் சென்று வந்தார்கள்.

பேணும் முறை

புதுப்பித்தல் ஒருமுறை நடப்பது. பேணுதல் என்றும் நடக்க வேண்டியது. அதற்கான சில குறிப்புகளை இங்கே தருகிறேன்.

1. கார்புரேட்டர்: இவ்வண்டியில் இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்கள். காற்றோட்டம் கூடும்போது ஒரு பிஸ்டன் எழும்; அதனுடன் கூம்பிய ஊசியும் எழுந்து பெட்ரோலுக்கு வழிவிடும். பிஸ்டன் துள்ளாமலிருக்க அதன் உச்சியில் சிறிது எண்ணெய் இருக்க வேண்டும். அது வற்றினால், ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் எஞ்சின் தடுமாறும். பலர் இதை அறியாமல் கார்புரேட்டரையே மாற்றுகிறார்கள்.

2. இடைவெளிகள்: டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டு சுமார் 0.38 மில்லிமீட்டர், பிளக்கு 0.63, வால்வு குளிர்ந்த நிலையில் 0.25. கண்ணால் மதிப்பிடாமல் அளவுத் தகட்டால் பார்க்க வேண்டும்.

3. பெட்ரோல்: பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. ஈயம் இல்லாதபோது பழைய வால்வு இருக்கைகள் தேயும். எனவே கடினப்படுத்திய இருக்கைகள் பொருத்துவது நலம். பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் அங்கு 2021-இல் வந்தது. பழைய ரப்பர்க் குழாய்களை அது கெடுக்கும். அவற்றை மாற்றிவிட வேண்டும்.

4. ஓட்டும் முறை: 1970-க்கு முந்திய ஸ்பிட்ஃபயரின் பின்சக்கரங்கள், வளைவில் திடீரென்று ஆக்சிலேட்டரை விட்டால் உட்புறமாக மடங்கப் பார்க்கும். ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

5. துரு: சில்லின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளைக் குத்தித் திறந்து வைக்க வேண்டும்; உள்ளே மெழுகுக் குழம்பு பீய்ச்ச வேண்டும்.

இவற்றுள் எதுவும் வெளியே தெரியாது என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். கண்காட்சியில் பரிசு வாங்கித் தருவது பெயிண்டு. ஆளை உயிரோடு வீடு சேர்ப்பது கண்ணுக்குத் தெரியாத புரியில் உள்ள சில துளி எண்ணெய்.

முடிவுரை

2020-இல் ஊர் திரும்பியபோது, அந்தப் பழைய இடப்பக்கத் தூணைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். அதை அப்பாவின் கையில் கொடுத்து, புரியையும் கீற்றையும் காட்டி, "நீங்கள் திருப்பியதில் தவறில்லை அப்பா, எண்ணெய் விடவேண்டிய இடத்தில் கிரீஸ் வைத்திருப்பார்கள்" என்றேன். அவர் கண்ணாடியை எடுத்துவரச் சொன்னார். விரலால் புரியைத் தடவிப் பார்த்தார். அம்மா அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

வெகுநேரம் கழித்து அப்பா கேட்டது ஒன்றே: "தொண்ணூறாம் நம்பர் ஆயில்தானா?"

"ஆமாம் அப்பா."

"நம்ம பட்டறையிலேயே டின் டின்னாய் இருந்தது" என்றார்.

அறிவு கிடைக்காத பொருளன்று. பெரும்பாலும் பக்கத்து அலமாரியிலேயே இருக்கும். கையேட்டைப் புரட்டிப் பார்ப்பதும், தெரிந்ததை உரிய காலத்தில் உரியவரிடம் சொல்வதும் நம் கடமை. இரண்டாவதைச் செய்ய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. மாணவ நண்பர்கள் அவ்வளவு காலம் தாழ்த்தமாட்டார்கள் என்று நம்புகிறேன்.