பிறவிக் குறையா, பின்னால் பட்ட காயமா?

பொங்கல் விழாவன்று நம் சங்கத்துப் பிள்ளைகள் சிலர் தாங்கள் சேர்த்த நாணயங்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒரு பையன், "மாமா, இது அச்சுப்பிழைக் காசு. 500 ரூபாய்க்கு வாங்கினேன்" என்று ஒரு செப்புக் காலணாவை நீட்டினான். 1835ஆம் ஆண்டுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு. ஓரத்தில் பிறைபோல ஒரு துண்டைக் காணோம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்த இடத்தில் அரம் ராவிய கோடுகள். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயக்கமாக இருந்தது. நானும் ஒருமுறை இப்படி ஏமாந்தவன்தான். ஆகவே இந்தச் சிறு பாடம்.

முதலில் காசு பிறக்கும் விதம். நம் கொல்கத்தாவில் ஸ்ட்ராண்ட் ரோட்டில் 1829இல் திறந்த நாணயச் சாலையும், 1952 முதல் நடக்கும் அலிப்பூர் நாணயச் சாலையும் செய்த வேலை அடிப்படையில் ஒன்றே. உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுவார்கள். வில்லையை ஒரு வளையத்துக்குள் வைத்து, மேலும் கீழும் உள்ள இரண்டு அச்சுகளால் அடிப்பார்கள். வில்லை, அச்சு, அடி ஆகிய மூன்றில் ஒன்றில் நேர்ந்தால்தான் அது பிறவிக் குறை. அடி விழுந்த பிறகு பட்டதெல்லாம் காயம்.

இனி சோதனைகள்.

கோடு: அச்சில் விரிசல் விட்டால் அடிக்கும்போது உலோகம் அதனுள் ஏறும். காசில் அது மேடாகத் தெரியும். பள்ளமான கோடு பெரும்பாலும் பின்னால் விழுந்த கீறல்.

ஓரத்துண்டு: முன்பு வெட்டிய துளையின்மேல் அடுத்த வெட்டு விழுந்தால் வில்லை பிறையாகக் குறையும். அப்படிப் பிறந்த காசில் வெட்டை ஒட்டிய எழுத்துகள் இளைத்து மழுங்கும். வெட்டுக்கு நேர் எதிரே விளிம்பும் பெரும்பாலும் மங்கியிருக்கும். அரத்தால் ராவியதில் எழுத்து பாதியில் துண்டாக நிற்கும். எதிர் விளிம்பு திடமாக இருக்கும்.

மங்கிய எழுத்து: அச்சின் பள்ளத்தில் எண்ணெயும் அழுக்கும் அடைத்தால் ஓரிரு எழுத்துகள் மட்டும் மறையும், சுற்றுமுற்றும் தெளிவாக இருக்கும். புழக்கத்தில் தேய்ந்தால் முதலில் மேடான இடங்கள், அதாவது ராணியின் கூந்தலும் கன்னமும், வழுவழுப்பாகும்.

துளை: 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணாவுக்குத் துளை பிறவியிலேயே உண்டு. காசுமாலைக்குப் போட்ட துளையோ எழுத்தை அறுக்கும். ஒரு பக்கம் பிசிறும் தள்ளும். வளையம் பற்றவைத்த தழும்பு விளிம்பில் தெரியும்.

கண்ணாடி பிம்பம்: அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையின் ஒரு முகத்தில் அதன் உருவம் இடவலம் மாறிப் பள்ளமாக விழும், மறுமுகம் சரியாக இருக்கும். நான் ஏமாந்தது இதில்தான். என் காசில் இரு முகத்திலும் தலைகீழ் எழுத்து. அடியில் பழைய உருவம் நசுங்கிக் கிடந்தது. இரண்டு காசுகளுக்கு நடுவே வைத்துப் பட்டறை இடுக்கியில் நெரித்த வேலை அது.

குறையே அல்லாதவற்றையும் அறிய வேண்டும். இன்றைய காசுகளில் ஹைதராபாத்துக்கு நட்சத்திரமும் நொய்டாவுக்குப் புள்ளியும் உண்டு. நம் கொல்கத்தாக் காசில் குறி எதுவும் இராது. 'குறி விட்டுப்போன அபூர்வக் காசு' என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். கையால் அடித்த ராஜராஜன் காசில் உருவம் ஓரமாக விலகியிருப்பதும் சாதாரணமே.

கடைசியாக ஒன்று. நம் வீடுகளில் செம்புக்குப் புளி, வெள்ளிக்குத் திருநீறு என்று தேய்ப்பது வழக்கம். பாத்திரத்துக்குச் சரி, பழங்காசுக்கு ஆகாது. என் பாட்டி கொடுத்த 1862ஆம் ஆண்டு விக்டோரியா ரூபாயைச் சிறுவயதில் பளபளக்கத் தேய்த்தேன். இன்றும் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ராணியின் முகம் முழுக்க மெல்லிய கோடுகள். அவை நாணயச் சாலை போட்டவை அல்ல, நான் போட்டவை.

வீட்டில் பழங்காசு இருந்தால் தேய்க்காமல் அப்படியே அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்போம்.