உடையும் குருதியணுக்கள்

குழந்தையின் கண்கள் மஞ்சளாகத் தோன்றினால், காமாலை என்று கூறிக் கல்லீரலைப் பழிப்பது எளிது. ஆனால், அம்மஞ்சள் சில வேளைகளில் குருதியிலிருந்தே தொடங்குகிறது. கதிர் அரிவாள் இரத்தசோகை அத்தகைய நோய்.

சிகாகோ நகரில் பல் மருத்துவம் பயில, கிரனடா தீவிலிருந்து வந்த மாணவர் ஒருவரின் குருதியில் பிறைபோல் வளைந்த சிவப்பணுக்கள் இருந்ததை, 1910ஆம் ஆண்டு மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் பதிவுசெய்தார். இந்தியாவில் இந்நோய்க்கான மரபுக்கூறு 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே முதன்முதலாக அறியப்பட்டது. ஈமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் உள்ள 146 அமினோ அமிலங்களுள் ஆறாவதாகக் குளுட்டாமிக் அமிலம் அமைய வேண்டும். அவ்விடத்தில் வேலின் அமர்ந்துவிடுகிறது. பிற துன்பங்கள் அனைத்தும் இவ்வொரு மாற்றத்தின் விளைவுகளே.

இயல்பான சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்கள் வாழும். வளைந்த அணுவோ 10 முதல் 20 நாள்களில் உடைந்துவிடும். உடைந்த அணுவின் ஈமோகுளோபினிலிருந்து பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி உண்டாகிறது. அதைப் பித்தநீருடன் வெளியேற்றுவது கல்லீரலின் பணி. வரத்து மிகும்போது நிறமி குருதியில் தேங்கிக் கண்ணில் வெளிப்படுகிறது. அப்போது கல்லீரல் நோயுறாமலும் இருக்கலாம்; அதன் சுமைதான் பெருகியிருக்கிறது. நாளடைவில் நிறமி பித்தப்பையில் கல்லாக இறுகிப் பித்தநாளத்தை அடைப்பதும், வளைந்த அணுக்கள் கல்லீரலின் நுண்ணிய குருதிவழிகளில் சிக்கிக்கொள்வதும் உண்டு. கல்லீரல் மெய்யாகவே கேடுறுவது அப்போதுதான்.

சிறுநீரகத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. குருதிக்குழாய்க்குள்ளேயே உடையும் அணுக்கள் சிந்தும் ஈமோகுளோபினை, ஹாப்டோகுளோபின் என்னும் புரதம் பற்றிக்கொள்கிறது. அப்புரதம் தீர்ந்தபின் எஞ்சிய ஈமோகுளோபின் சிறுநீரக வடிகட்டியைக் கடந்து நுண்குழல்களுக்குள் புகுகிறது. அதிலுள்ள இரும்பு, குழற்சுவரின் செல்களைச் சிதைக்கிறது. மேலும், சிறுநீரகத்தின் உட்பகுதியில் ஆக்சிஜன் குறைவு, உப்புச்செறிவோ மிகுதி. அணுக்கள் வளைவதற்கு இவை இரண்டுமே ஏற்றவை. அவை அங்கே குருதியோட்டத்தைத் தடுப்பதால், நீரை மீட்டுச் சிறுநீரைச் செறிவாக்கும் ஆற்றல் இளமையிலேயே குன்றிவிடுகிறது. இரவில் படுக்கையை நனைக்கும் சிறுவனைக் கடிந்துகொள்வோர் அவன் சிறுநீரகத்தின் இடரை எங்ஙனம் அறிவர்? நீர் மிகுதியாக வெளியேறுவதால் உடல் வறள்கிறது. வறட்சி மேலும் பல அணுக்களை வளைக்கிறது. போதிய நீர் அருந்துமாறு மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனாலேயே.

இந்நோய்க்குத் தரப்படும் ஹைட்ராக்சியூரியா என்னும் மருந்து, கருவில் இருந்தபோது சுரந்த ஈமோகுளோபினை உடலில் மீண்டும் பெருக்குகிறது. அது கலந்த அணு எளிதில் வளைவதில்லை.