ஆக்டேவ் இலவசம்தான், அதற்காக அரைகுறையா?

பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் மாட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருளுக்குத் தனி மரியாதை. ஆக்டேவ், சைலாப், மேக்சிமா போன்ற இலவச மென்பொருள்கள் எல்லாம் வேறு வழியில்லாதவர்கள் வைத்துக்கொள்வது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கினால்தான் கணக்கு சரியாக வரும் என்று ஆசிரியர்களே சொல்வதுண்டு. அதை நம்பும் மாணவர்களில் சிலர், கல்லூரியின் உரிமம் கைவிட்டுப் போனதும் கணினியில் கணக்குப் போடுவதையே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

மாட்லாப் பிறந்த கதையே அந்த எண்ணத்துக்கு எதிர்சாட்சி. 1970களின் பிற்பகுதியில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய கிளீவ் மோலர், தம் மாணவர்கள் ஃபோர்ட்ரானில் நிரல் எழுதாமலேயே லின்பேக், ஐஸ்பேக் என்ற இரண்டு நிரல் தொகுப்புகளைப் பயன்படுத்தட்டும் என்று அதை எழுதினார். அந்த இரண்டும் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தை மையமாகக் கொண்டு, பொதுப் பணத்தில் உருவானவை. மாட்லாபை விற்கும் மேத்வொர்க்ஸ் நிறுவனம் தொடங்கியது 1984இல். லின்பேக்கின் வாரிசான லாபேக்கும் திறந்த நிரல்தான். ஓர் அணியின் ஐகன் மதிப்புகளை மாட்லாபில் கேட்டாலும் சரி, ஆக்டேவில் கேட்டாலும் சரி, உள்ளே உழைப்பது லாபேக். ஃபூரியே உருமாற்றத்துக்கு இரண்டுமே எம்ஐடியில் எழுதப்பட்ட எஃப்எஃப்டிடபிள்யூ என்ற திறந்த தொகுப்பைத்தான் நம்பியிருக்கின்றன. அடித்தளமே ஒன்றாக இருக்கும்போது, ஒன்றின் விடை சரி, மற்றதன் விடை சந்தேகம் என்று எப்படிச் சொல்வது?

ஆக்டேவும் வகுப்பறைப் பிள்ளைதான். வேதி வினைகலன் வடிவமைப்பு பற்றிய பாடநூலுக்குத் துணையாக இருக்கட்டும் என்று 1988 வாக்கில் நினைத்தார்கள்; 1992இல் ஜான் ஈட்டன் முழுமூச்சாக எழுதத் தொடங்கினார்.

வேறுபாடே இல்லை என்றும் சொல்லக் கூடாது. மாட்லாபின் மாதிரியாக்கக் கருவியான சிமுலிங்க்குக்கு ஈடான ஒன்று ஆக்டேவில் கிடையாது. சைலாபில் எக்ஸ்காஸ் இருக்கிறது, ஆனால் அந்த அளவுக்கு விரிவானதல்ல. நீளமான சுழற்சிகள் ஆக்டேவில் மெதுவாக ஓடும். அணிக் கணக்காக மாற்றி எழுதினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கட்டுப்பாட்டுப் பொறியியலில் பெரிய மாதிரிகளை ஓட்டுபவர்கள் விலை கொடுத்து வாங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இளநிலை மாணவர் ஒருவரின் எண்முறைப் பகுப்பாய்வுப் பாடத்துக்கு ஆக்டேவ் தாராளமாகப் போதும்.

"ஓர் ஆள் எழுதியது, அவர் போனால் அதுவும் போய்விடும்" என்ற பயமும் உண்டு. இதற்கு மேக்சிமாவைப் பாருங்கள். அதன் மூல வடிவம், மேக்சைமா என்ற பெயரில், 1968இல் எம்ஐடியில் தொடங்கியது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஷெல்டர் 1982 முதல் அதன் ஒரு பதிப்பைத் தனியாளாகப் பேணி வந்தார். 1998இல் அமெரிக்க எரிசக்தித் துறையின் அனுமதி பெற்று, பொது உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார். 2001இல் அவர் இறந்தார். அதைப் பயன்படுத்தி வந்தவர்களே சேர்ந்து பொறுப்பேற்றார்கள். இன்றும் புதுப் பதிப்புகள் வருகின்றன. சேஜ் மென்பொருள் பல தொகையிடல் கணக்குகளை மேக்சிமாவின் துணையோடுதான் செய்கிறது. 1998இல் அந்த அனுமதிக் கடிதம் கிடைக்காமல் போயிருந்தால் இத்தனையும் அவரோடு முடங்கியிருக்கும்.

அடுத்தது எதிர்ப்பக்கத்து நம்பிக்கை: கணினி சொன்னால் சரி, சரியில்லை என்றால் மென்பொருளில் பிழை. ஆக்டேவில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டி அது 0.3க்குச் சமமா என்று கேட்டால் 0 என்று வரும், அதாவது, இல்லை. மாட்லாபிலும் அதே 0தான். பத்தடிமானத்தில் 1/3ஐ முடிவாக எழுத முடியாதது மாதிரி, இரண்டடிமானத்தில் 0.1ஐ முடிவாக எழுத முடியாது. 1985இல் வந்த ஐஈஈஈ 754 தரம் 53 பிட்டுகளுக்குள் அடங்கும் மிக அருகிலுள்ள எண்ணாக அதை மாற்றி வைக்கிறது. இதைப் பிழை என்று நினைத்துக் கேட்பவர்கள் எத்தனை பேர் என்றால், ஆர் மொழியின் அதிகாரபூர்வமான கேள்வி-பதில் தொகுப்பில் இதற்கென்றே 7.31 என்ற எண்ணில் ஒரு பதில் நிரந்தரமாக இருக்கிறது. பழைய பயனர்கள் அந்த எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். புதிதாக வந்தவருக்கு அது முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். கூடவே இரண்டு வரி விளக்கம் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

தேர்ந்தவர்கள்தான் கேள்வி கேட்கலாம் என்ற தயக்கம் அங்கிருந்துதான் பிறக்கிறது. பதில் கிடைப்பதும் கிடைக்காததும் கேட்பவரின் தகுதியைப் பொறுத்ததல்ல, கேட்கும் விதத்தைப் பொறுத்தது. முந்நூறு வரி நிரலை அனுப்பி "வேலை செய்யவில்லை" என்றால் யாராலும் உதவ முடியாது. அதை ஐந்தாறு வரியாகக் குறுக்கி, எந்தப் பதிப்பு, என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்று எழுதுங்கள். குறுக்கும்போதே பாதிப் பேருக்குத் தவறு தானாகப் பிடிபட்டுவிடும்.

ஆங்கிலம் தெரியாதவருக்கு இதெல்லாம் எட்டாது என்பதும் பாதி உண்மைதான். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் சைலாப் பாடங்களைத் தமிழ்க் குரலில் தருகிறது. திரையில் கட்டளைகள் ஆங்கிலத்திலேயே இருக்கும், விளக்கம் மட்டும் தமிழில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து நிமிடம்; நிறுத்தி நிறுத்தி, பக்கத்திலேயே சைலாபைத் திறந்து தட்டிப் பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள். அதே நிறுவனத்தின் ஃபாஸி திட்டத்தில், பிரபலமான பாடநூல்களில் தீர்த்துக் காட்டிய கணக்குகளுக்கு நாடெங்கும் உள்ள கல்லூரி மாணவர்கள் சைலாப் நிரல் எழுதித் தருகிறார்கள். சரிபார்த்த பிறகு அவை எல்லோருக்கும் கிடைக்கின்றன, எழுதியவருக்கு மதிப்பூதியமும் உண்டு. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் தம் பாடநூலின் ஒரே ஓர் அத்தியாயத்திலிருந்து இதைத் தொடங்கிப் பார்க்கலாம்.